மாதிரி விமானங்களின் ஒளிபுகும் பாகங்களை வீட்டில் செய்தல்

மாதிரி விமானங்களின் விமானி அறை மூடி, சன்னல், துப்பாக்கிக் கூண்டு போன்ற கண்ணாடித் தோற்றமுள்ள பாகங்கள் ஒளிபுகும் பாகங்கள் எனப்படுகின்றன. அவை உடைந்தாலோ தொலைந்தாலோ மஞ்சளித்தாலோ மாற்றுப் பாகத்தை வீட்டிலேயே செய்துகொள்வது, இப்பொழுதுபோக்கில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும்.

பின்னணி

1936 இல் பிரித்தானியாவில் ஃபிராக் நிறுவனம் 'பெங்குவின்' என்னும் 1:72 அளவு நெகிழித் தொகுப்புகளை வெளியிட்டது. எனினும் அக்காலத்தில் பெரும்பாலான மாதிரிகள் மரத்திலேயே செதுக்கப்பட்டன. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களைக் கொண்டு மர மாதிரிகளைச் செய்வித்தது. முழுவதும் கறுப்பு வண்ணம் பூசப்பட்ட அவற்றில் ஒளிபுகும் பாகங்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அதே காலத்தில் உண்மையான போர் விமானங்களின் மூடிகள் பெர்ஸ்பெக்ஸ், பிளெக்சிகிளாஸ் ஆகிய அக்ரிலிக் தகடுகளால் ஆனவை. தகட்டைச் சூடாக்கி, இளகிய நிலையில் வடிவம் கொடுப்பதே தொழிற்சாலை முறை. வீட்டு முறையும் இதே இயல்பையே பயன்படுத்துகிறது.

அழுத்து முறை

முதலில் பால்சா போன்ற மரத்தில் மூடியின் வடிவம் செதுக்கப்படும். தகட்டின் தடிமன் அளவுக்கு இவ்வச்சு சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். மர இழைகளின் தடம் தகட்டில் பதியாமலிருக்க, மேற்பரப்பு அடைக்கப்பட்டு நன்கு தேய்க்கப்படும். பின்னர் ஒட்டுப்பலகையில் அச்சின் சுற்றளவை விடச் சற்றுப் பெரிய துளை வெட்டப்பட்டு, அதன்மேல் அசிட்டேட் தகடு பொருத்தப்படும். சூட்டில் தகடு இளகித் தொய்யும்போது அச்சைத் துளைக்குள் அழுத்தினால் தகடு அதன்மேல் இழுபட்டுப் படியும். சூடு குறைந்தால் மடிப்பு விழும்; மிகுந்தால் குமிழி தோன்றும். ஆகவே ஒரு நல்ல மூடிக்குப் பல தகடுகள் வீணாவது உண்டு.

வெற்றிட முறை

இம்முறையில் இளகிய தகட்டுக்கு அடியிலுள்ள காற்று உறிஞ்சப்படுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தகட்டை அச்சோடு ஒட்டச் செய்கிறது. 1960களின் தொடக்கத்தில் மட்டெல் நிறுவனம் வெளியிட்ட 'வாக்-யூ-ஃபார்ம்' பொம்மை, சூடேறும் தட்டும் கைப்பம்பும் கொண்டது. அது சிறுவர்களுக்கானதாயினும் மாதிரிக் கலைஞர்களும் அதைப் பயன்படுத்தினர். வீட்டுத் தூசுறிஞ்சியை துளையிட்ட பெட்டியுடன் இணைத்தும் இதே வேலை செய்யப்படுகிறது.

பயனும் இடர்களும்

தொகுப்புகளில் வரும் பாலிஸ்டைரீன் மூடிகள் பெரும்பாலும் தடிப்பானவை. 1:72 அளவில் 1 மி.மீ. தடிமன், உண்மை விமானத்தில் 72 மி.மீ. ஆகும். 0.25 மி.மீ. தகட்டில் செய்த மூடியோ 18 மி.மீ. அளவையே குறிக்கும். இதனால் உள்ளிருக்கும் இருக்கையும் கருவிகளும் தெளிவாகத் தெரிகின்றன. மூடியைத் திறந்த நிலையிலும் ஒட்டலாம். பாலிஸ்டைரீன் பசையும் சயனோஅக்ரிலேட் ஆவியும் பாகத்தை மங்கச் செய்வதால், வெள்ளைப் பசையே விரும்பப்படுகிறது. சூடாகும் நெகிழி தீப்பற்றவோ புகைவிடவோ கூடுமாதலால் காற்றோட்டம் அவசியம்.

ஃபிராக் தொகுப்புகளின் உற்பத்தி 1976 இல் நின்றது. அதன் அச்சுகளில் பல சோவியத் ஒன்றியத்திற்குச் சென்றன. இவ்வாறு நின்றுபோன தொகுப்புகளுக்கு உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு சிறு மூடி இல்லாததால் கைவிடப்படவிருக்கும் பழைய மாதிரியை முழுமையாக்கும் வழியாக இக்கைத்திறன் இன்றும் நிலைத்திருக்கிறது.