ராசுபெரி பை பலகையில் யுஎஸ்பி இணைப்புச் சிக்கல்கள்: ஒரு வரலாறு

ராசுபெரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி ஆகும். விசைப்பலகை, சுட்டி, பென் டிரைவ் ஆகியவை இதனுடன் யுஎஸ்பி வழியாக இணைகின்றன. செருகிய கருவி இயங்காவிட்டால் கருவியே பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இப்பலகையின் வரலாறோ, குறை பல முறை வேறிடத்தில் இருந்ததைக் காட்டுகிறது.

யுஎஸ்பியின் தோற்றம்

1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் செருகி இருந்தது. இதை மாற்றும் பொதுச் செருகியை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். இவர் வதோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். யுஎஸ்பி 1.0 தரம் 1996 சனவரியில் வெளியானது. யுஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு கருவி முதலில் 100 மில்லி ஆம்பியர் வரையிலும், கணினி இசைந்த பின் 500 மில்லி ஆம்பியர் வரையிலும் மின்னோட்டம் எடுக்கலாம்.

முதல் சிக்கல்: மின்னோட்டம்

முதல் ராசுபெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் யுஎஸ்பி துளைகளில் 140 மில்லி ஆம்பியர் அளவுள்ள பாதுகாப்பு உருகிகள் இருந்தன. விசைப்பலகைக்கு இது போதும். வைஃபை செருகிக்குப் போதவில்லை. உருகியில் மின்னழுத்தம் குறைந்ததால் நல்ல கருவிகளும் இயங்க மறுத்தன. அதே ஆண்டில் வந்த திருத்தப் பலகைகளில் இவ்வுருகிகள் நீக்கப்பட்டன. எனினும் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும் கருவிகளுக்குத் தனி மின்இணைப்புள்ள ஹப் தேவைப்பட்டது.

இரண்டாம் சிக்கல்: கட்டுப்படுத்தி

பலகையின் பிசிஎம்2835 சில்லில் ஒரேயொரு யுஎஸ்பி வழியே இருந்தது. இரண்டு யுஎஸ்பி துளைகளும் ஈதர்நெட்டும் லேன்9512 என்னும் சில்லின் மூலம் அந்த ஒரு வழியைப் பகிர்ந்துகொண்டன. சில்லும் கணினியும் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் பேச, விசைப்பலகை 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும். இவ்விரு வேகங்களையும் இணைக்க 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை நேரம் தவறாமல் செயல்பட வேண்டும். பிற கணினிகளில் வன்பொருளே செய்யும் இவ்வேலையின் பெரும்பகுதி இங்கு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. மென்பொருள் சற்றுத் தாமதித்தாலும் தட்டிய எழுத்து தவறிப்போகும். 2013, 2014 ஆண்டுகளில் லினக்சு இயக்கிநிரல் திருத்தப்பட்டபின் இக்குறை வெகுவாகக் குறைந்தது. மென்பொருளைப் புதுப்பித்ததாலேயே தீர்ந்த சிக்கல் இது.

பிந்தைய மாற்றங்கள்

2014 சூலையில் வந்த பி+ பலகை நான்கு துளைகளைக் கொண்டது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். பழுதைக் கண்டறிய இது எளிய வழியாக அமைந்தது. 2019 சூனில் வந்த ராசுபெரி பை 4, விஎல்805 என்னும் தனிக் கட்டுப்படுத்தியைப் பெற்றது. ஆனால் அதன் மின்னூட்டத் துளையில் இரண்டு மின்தடைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்ததால், சில உயர்வகைக் கம்பிகளால் பலகைக்கு மின்சாரம் வரவில்லை. பின்னர் வந்த பலகைகளில் இது சரிசெய்யப்பட்டது. 2023இல் வந்த ராசுபெரி பை 5, 3 ஆம்பியர் மின்னூட்டியுடன் யுஎஸ்பி கருவிகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரே தரும். 5 ஆம்பியர் மின்னூட்டியுடன் 1.6 ஆம்பியர் தரும்.

வரலாறு காட்டும் வழி

பழுது பார்க்கும் வரிசையும் இந்த வரலாற்றை ஒட்டியதே. முதலில் மின்னூட்டியையும் கம்பியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து மற்றக் கருவிகளைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் செருக வேண்டும். பின்னர் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையின் பட்டியலில் அக்கருவி தெரிகிறதா என்றும், ‘டிமெசேஜ்’ பதிவில் -110 (நேரம் கடந்தது), -71 (தொடர்புப் பிழை) போன்ற எண்கள் உள்ளனவா என்றும் காண வேண்டும். அதன்பின் மென்பொருளைப் புதுப்பிக்கலாம். இவையெல்லாம் முடிந்த பிறகே கருவியை வேறொரு கணினியில் செருகிச் சோதித்து, பழுது என்று சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களில் ஒரு மின்னூட்டி வாங்கவும் கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு மாணவர் நல்ல விசைப்பலகையைப் பழுதென்று ஒதுக்கிவிட்டால், போவது அதன் விலை மட்டுமன்று. அடுத்தது கிடைக்கும்வரை அவருடைய பயிற்சியும் நின்றுபோகும்.