மக்கென்சி பள்ளத்தாக்கில் ஒரு விசாரணை

நேயர்களே, ஓரிடத்தில் எண்ணெயோ எரிவாயுவோ எடுப்பதற்கு முன், அங்குள்ள நிலத்துக்கும் நீருக்கும் மனிதருக்கும் என்ன நேரும் என்று ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலான நாடுகளில் சட்டம். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் முதல் நாள் கையெழுத்தான சட்டம் இதற்கு வழிகாட்டி. நமது மலேசியாவில் இதற்கான ஆணை 1987-இல் பிறந்து, 1988 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பெட்ரோலியத் தொழிலும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, ஆய்வு ஒழுங்காக நடப்பது வேறு. வழவழப்பான தாளில் அச்சாகி அலமாரியில் உறங்கும் அறிக்கைகளே அதிகம். ஆய்வு என்றால் என்ன என்பதை உலகத்துக்குக் காட்டிய ஒரு விசாரணை கனடாவின் வடகோடியில் நடந்தது. அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

1968-இல் அலாஸ்காவின் வட கடற்கரையில், புருடோ குடா என்னுமிடத்தில், பெரும் எண்ணெய் வயல் ஒன்றைக் கண்டார்கள். எண்ணெயோடு எரிவாயுவும் இருந்தது. அந்த வாயுவைக் கனடாவின் யூக்கோன் கடற்கரை வழியாகக் கிழக்கே கொண்டுவந்து, மக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் கிடைக்கும் வாயுவையும் சேர்த்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுகத் தெற்கே அனுப்பலாம் என்று பெரிய நிறுவனங்கள் கூடித் திட்டமிட்டன. 48 அங்குல விட்டமுள்ள குழாய். தனியார் துறை அதுவரை எண்ணிப் பார்த்த திட்டங்களில் இதுவே பெரியது என்று அன்று பேசிக்கொண்டார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அவசரமும் ஏறியது.

1974 மார்ச் 21-ஆம் நாள் கனடிய அரசாங்கம் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் நீதிபதி தாமஸ் பெர்ஜரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவருக்கு அப்போது நாற்பது வயதுதான். நாலு கூட்டம் நடத்தி அறிக்கை கொடுத்துவிடுவார் என்று எண்ணியவர்கள் பலர். அவர் அப்படிச் செய்யவில்லை.

முதலில், நிறுவனங்கள் தாங்கள் நடத்திய ஆய்வுகளை எல்லாம் எதிர்த்தரப்பின் பார்வைக்கும் வைக்க வேண்டும் என்றார். அடுத்து, பணமுள்ளவன் பத்து நிபுணர்களை அழைத்து வருவான், பணமில்லாதவன் யாரை அழைத்து வருவான் என்ற கேள்வி எழுந்தது. பூர்வகுடிச் சங்கங்களும் சுற்றுச்சூழல் குழுக்களும் தங்கள் பக்கத்து நிபுணர்களை வைத்துக்கொள்ள 15 லட்சம் டாலருக்கு மேல் அரசாங்கத்திடமிருந்து கிடைக்கச் செய்தார். இதைச் சிலர் வீண் செலவு என்றார்கள். வீண்தானா என்பதைப் பார்ப்போம்.

அந்த வட நாட்டில் மண்ணுக்கடியில் ஈரம் ஆண்டு முழுவதும் பனிக்கட்டியாக உறைந்தே இருக்கும். வெதுவெதுப்பான குழாயைப் புதைத்தால் பனி உருகி நிலம் குழைந்துவிடும். ஆகவே வாயுவைக் குளிரவைத்தே அனுப்புவோம் என்றார்கள் நிறுவனத்தார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்கே வரவர உறைநிலம் விட்டுவிட்டுத்தான் இருக்கிறது. இடையிடையே உறையாத மண்ணும் வருகிறது. அங்கே இந்தக் குளிர்ந்த குழாய் என்ன செய்யும்? சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து உறையச் செய்யும். நீர் உறைந்தால் பருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்; தண்ணீர் நிரம்பிய புட்டியைப் பனிப்பெட்டியில் வைத்து உடைத்தவர்கள் நம் வீடுகளில் இல்லையா? அப்படியே மண் பருத்துக் குழாயை மேலே தள்ளும். அந்தத் தள்ளு விசையைத் தடுத்துவிடலாம் என்று நிறுவனம் தன் சோதனைகளைக் கொண்டு சொல்லிவந்தது. பிறகு, சோதனைக் கருவியிலேயே பழுது இருந்தது என்பதும், உண்மையான விசை மிகப் பெரியது என்பதும் விசாரணையின்போதே வெளிப்பட்டன. குறுக்கே கேள்வி கேட்க ஆளில்லாதிருந்தால் அந்தப் பழைய கணக்கே அறிக்கையில் ஏறியிருக்கும்.

நகரத்து மண்டபத்தில் நிபுணர்களின் சாட்சியம் ஒருபுறம் நடக்க, பெர்ஜர் ஊர் ஊராகப் புறப்பட்டார். பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் இருந்த 35 குடியிருப்புகளுக்கும் சென்றார். ஊர்க்கூடத்தில் அமர்ந்தார், மீன்பிடி முகாம்களிலும் அமர்ந்தார். பேச விரும்பிய கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை இருந்தார். டெனே மக்களும் இனுயிட் மக்களும் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். இங்கே வானொலிக்கு ஒரு பங்கு உண்டு. கனடிய ஒலிபரப்புக் கழகம் அந்தச் சாட்சியங்களை நாள்தோறும் ஆங்கிலத்திலும் பூர்வகுடி மொழிகளிலும் ஒலிபரப்பியது. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு கிழவர் சொன்னதை இந்த ஊரில் கேட்டவர்கள், தங்கள் முறை வந்தபோது அதைத் தொட்டுப் பேசினார்கள். அண்டை ஊரின் குறையும் நம் குறையும் ஒன்றே என்று அறிவதற்குக் குரல்தானே வேண்டியிருக்கிறது! வானொலியில் பேச வந்திருக்கும் எங்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது என்பதை மறைப்பானேன்.

அவர்கள் சொன்னவற்றில் பழைய வரலாறும் கலந்திருந்தது. 1920-இல் நார்மன் வெல்ஸ் என்னுமிடத்தில் எண்ணெய் கிடைத்தது. மறு ஆண்டே, 1921-இல், அரசாங்கம் அம்மக்களோடு பதினொன்றாம் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. நிலத்தைக் கொடுத்துவிட்டதாகத் தாளில் எழுதியிருந்தது. நட்புக்காகக் கைகொடுத்தோமே தவிர நிலத்தைக் கொடுக்கவில்லை என்று முதியவர்கள் கூறினார்கள்.

வேட்டைத் தொழில் செத்துக்கொண்டிருக்கிறது, இனிக் கூலி வேலைதான் கதி என்பது குழாய்க்காரர்களின் வாதம். அதற்குப் பதிலாக, வேட்டைக்காரர்கள் தாங்கள் பொறி வைக்கும் தடங்களை நிலப்படத்தில் கோடுகளாக வரைந்து காட்டினார்கள். ஆளில்லாக் காடு என்று எண்ணிய இடமெல்லாம் கோடுகளாய் நிறைந்தது. வீட்டுக்கு வரும் காரிபு மான் இறைச்சிக்கும் மீனுக்கும் விலை போட்டுப் பார்த்தபோது, வருமானக் கணக்கில் இல்லாத பெரும் பொருள் அங்கே இருப்பது தெரிந்தது. நம் தோட்டத்துச் செக்ரோலில் கொல்லைக் கீரைக்கும் கோழிக்கும் வரி ஏது? அவை இல்லாமல் குடும்பம் நடந்ததா?

ஏறக்குறைய 40,000 பக்கச் சாட்சியம் சேர்ந்தது. 1977 மே 9-ஆம் நாள் முதல் அறிக்கை வெளிவந்தது. யூக்கோனின் வட கடற்கரையில் எக்காலத்திலும் குழாய் கூடாது என்றார் பெர்ஜர். கோடையின் தொடக்கத்தில் காரிபு மந்தை கன்று ஈனும் நிலம் அது. மக்கென்சி பள்ளத்தாக்கில் குழாய் போடலாம். ஆனால் பத்தாண்டு பொறுக்க வேண்டும், அதற்குள் நில உரிமையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு மாதத்தில் தேசிய எரிசக்தி வாரியமும் அந்தக் கடற்கரை வழித் திட்டத்தைத் தள்ளியது.

வேலைவாய்ப்பைக் கெடுத்தார், அதிகாரத்தை மீறினார் என்று பெர்ஜரைக் குறை கூறியவர்கள் உண்டு. வேலையை எதிர்பார்த்திருந்த இளைஞர்களும் அந்த ஊர்களில் இருந்தார்கள். அவர்கள் ஏமாற்றத்தை நாம் சிறிதாக எண்ணக்கூடாது. எங்கள் குறை வேறு. பத்தாண்டில் முடிக்கச் சொன்ன வேலையை அரசாங்கம் இழுத்தடித்தது. இனுவியாலுயிட் மக்களின் உடன்பாடு 1984-இல் வந்தது. அதே ஆண்டு வட யூக்கோனில் தேசியப் பூங்காவும் அமைந்தது. குவிச்சின் மக்களுக்கு 1992, சாட்டு மக்களுக்கு 1993.

நிலம் கைக்கு வந்தபின் பேச்சும் மாறியது. புதிய மக்கென்சி எரிவாயுத் திட்டம் உருவானபோது, பூர்வகுடியினர் தங்கள் குழுமம் ஒன்றை அமைத்துக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு உரிமை கேட்டார்கள், அது ஏற்கப்பட்டது. முன்பு குழாயை மறுத்த ஊர்கள் சில இப்போது ஆதரித்தன. மறுபடி விசாரணை, மறுபடி பல ஆண்டு. 2010 டிசம்பரில் வாரியம் அனுமதித்தது. 2011 மார்ச்சில் அமைச்சரவை ஒப்பியது. அதற்குள் தெற்கே பாறை இடுக்குகளிலிருந்து வாயு எடுக்கும் முறை பரவி, விலை விழுந்துவிட்டது. 2017 டிசம்பரில் நிறுவனங்கள் திட்டத்தைக் கைவிட்டன. பங்குதாரர்களாகக் காத்திருந்த பூர்வகுடிக் குழுமத்தாரின் கையில் அனுமதித் தாள் இருந்தது, குழாய் வரவில்லை.