சிலாதோரணமும் ஒரு யூட்டா வளைவும்

போன அக்டோபர்ல யூட்டா பாலைவனத்துல ஒரு கல் வளைவைத் தேடிக் குடும்பத்தோட நடந்தோம். பாதை எதுவும் கிடையாது. வறண்ட ஓடை, வழுக்குப்பாறை, கையில ஜிபிஎஸ், அவ்வளவுதான். நாலு மணி நேரம் ஆச்சு. வளைவுக்கு அடியில உட்கார்ந்து சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பொண்ணு கேட்டா: "அப்பா, உங்க ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?"

இருக்கு. நான்தான் சரியாப் பார்க்கலை.

எங்க ஊர் சித்தூர். வீட்ல தமிழ், தெருவுல தெலுங்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது திருமலை. கோயிலுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் தூரத்துல சிலாதோரணம் இருக்கு. சுமார் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். குவார்ட்சைட் பாறை, வயசு சுமார் 150 கோடி வருஷம். கீழே இருந்த பலவீனமான பகுதியைத் தண்ணியும் காத்தும் அரிச்சுட்டுப் போக, கெட்டியான மேல்பகுதி மட்டும் பாலமா நிக்குது. பெருமாள் மலையில கால் வச்ச இடங்கள்ல இது ஒண்ணுன்னும், மூலவர் உயரமும் இதோட உயரமும் ஒண்ணுன்னும் பாட்டி சொல்லுவாங்க.

இதைவிடப் பெரிய சமாச்சாரம் மலைப்பாதையிலேயே இருக்கு. 1944-ல திறந்த முதல் பாதையும் சரி, 1974-ல வந்த ரெண்டாவதும் சரி, கிரானைட் மேல குவார்ட்சைட் உட்கார்ந்திருக்கிற மலையைத்தான் சுத்திச் சுத்தி ஏறுது. அந்த ரெண்டு பாறைக்கும் நடுவுல சுமார் 80 கோடி வருஷம் காணோம்! கோடு மாதிரித் தெரியற அந்த இடைவெளியை ஆராயும்போதுதான், 1980-கள்ல புவியியல்காரங்க சிலாதோரணத்தைக் 'கண்டுபிடிச்சாங்க'ன்னு எழுதியிருக்காங்க. ரெண்டையுமே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சிருக்கு.

'கண்டுபிடிச்சாங்க' என்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. யூட்டாவுலேயும் இதே கதை. 290 அடி உயர ரெயின்போ பிரிட்ஜை 1909 ஆகஸ்ட் 14-ல முதல்ல பார்த்தது யாருன்னு பேராசிரியர் பைரன் கம்மிங்ஸ் தரப்புக்கும் நில அளவையர் வில்லியம் டக்ளஸ் தரப்புக்கும் பெரிய தகராறு. ரெண்டு குழுவுக்கும் வழி காட்டினவங்க நாஸ்ஜா பேகே, ஜிம் மைக்னு ரெண்டு பையூட்காரங்க. வழி தெரிஞ்சவங்களுக்கு அது ஏற்கெனவே தெரிஞ்ச இடம்தானே? அடுத்த வருஷமே அது தேசியச் சின்னம் ஆயிடுச்சு. 1963-ல கிளென் கேன்யன் அணையை மூடினப்புறம், நாள்கணக்கா குதிரையில போன இடத்துக்குப் படகுலேயே போக முடிஞ்சுது.

2004-ல லீவுல போனப்போ, தரிசனம் முடிஞ்சதும் அப்பா, "தோரணத்தைப் பார்த்துட்டுப் போலாம்ப்பா"ன்னார். எனக்கு மறுநாள் ஃப்ளைட். "ரெண்டு கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?"னு கேட்டுட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனாலும் போனோம். வேலிக்கு வெளியே நின்னு அவர் பாட்டுக்குப் பார்த்துட்டே இருந்தார். நான் செல்போன்ல டிரைவரோட பேசிட்டிருந்தேன். அதுக்கப்புறம் அவரால மலை ஏற முடியலை. இப்போ அவர் இல்லை.

பொண்ணுகிட்ட இதுல பாதிதான் சொன்னேன். வர்ற ஜூலையில ஊருக்குப் போறோம். மலைப் பஸ்ல ஜன்னல் சீட்டு அவளுக்கு, பாறையில கோடு தெரியுதான்னு அவதான் பார்த்துச் சொல்லணும். வளைவுக்கு வளைவு எனக்கு இன்னமும் தலை சுத்தும், எலுமிச்சம்பழம் மறக்காம எடுத்துக்கணும்.