இலையில் வெட்டிய அம்பு



நம் பிள்ளைகள் கைபேசியில் சின்னக் குறுக்குவில்களைப் பார்த்துவிட்டு, "வேட்டைக்கு எது நல்லது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது.

1660 இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, 19 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர் ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ். 1681 இல் வெளிவந்த அவருடைய நூலில் வேடர்களின் வில்லம்பு பற்றி ஒரு செய்தி உண்டு.

வில்லைக் காட்டு மரத்திலும் நாணை மரப்பட்டை நாரிலும் வேடர்கள் தாங்களே செய்துகொள்வார்கள். இரும்பு முனைக்கு மட்டும் கொல்லர் வேண்டும். இரவில் வந்து பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லர் அதே வடிவில் செய்து அதே இடத்தில் வைத்தால், மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால், ஒருநாள் இருட்டில் அம்பு வரும்!

பேச்சில்லை, எழுத்தில்லை. ஆனாலும் தன் ஆயுதம் எப்படி இருக்க வேண்டும் என்பது வேடனுக்குத் தெரியும். அவனுடைய சாப்பாடே அதில்தான் இருந்தது.

1983 இல் அவர்களின் வேட்டைக் காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. அங்கே வேட்டையாடுவது குற்றமானது. பல குடும்பங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தம்பானையில் தங்கியவர்கள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு வில் எய்து காட்டுகிறார்கள்.

18 வளைவு இறங்கி மஹியங்கனைப் பக்கம் போகிறவர்கள், அந்த வில்லோடு படம் எடுக்குமுன் பிள்ளைகளுக்கு இலையின் கதையைச் சொல்லுங்கள். காட்டை இழந்தவர்களின் கையில் இருப்பது விளையாட்டுச் சாமான் அல்ல.