காணாமற்போன சிறு பாகம்

நம் தோட்டங்களில் அதிகாலைப் பெரட்டுக்கு மணி அடித்த காலத்தில் நேரம் ஆபீசின் கையில் இருந்தது. பால்வெட்டிச் சேர்த்த காசில் ஒரு கைக்கடிகாரம் வாங்கியபோதுதான் அது நம் கைக்கும் வந்தது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில், 'பாகம் இல்லை, இனி ஓடாது' என்று பெட்டிக்குள் போன கடிகாரங்கள் இருக்கும். அந்தப் பாகம் ஏன் சில காலம் கிடைத்தது, பின்னர் ஏன் கிடைக்காமற்போனது? இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

ஆட்டோமெட்டிக் கடிகாரத்துக்கு நாம் சாவி கொடுப்பதில்லை. கை அசையும்போது உள்ளே ஓர் எடைத்தகடு சுழன்று, பற்சக்கரங்கள் வழியே சுருள்வில்லை முறுக்குகிறது. கைக்கடிகாரத்தில் இப்படியொரு முறைக்கு 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றவர் ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர். அவரும் கடிகாரம் பழுதுபார்த்தவரே.

முறுக்கிய வில் அவிழ்ந்துவிடாமல் ஒரு சிறு கொக்கி தடுக்கிறது. பல கடிகாரங்களில் அக்கொக்கியை அழுத்திப் பிடிப்பது முடிபோன்ற ஒரு கம்பிவில். சுத்தம் செய்து எண்ணெய் இடுவதற்காகக் கழற்றும்போது, இடுக்கியிலிருந்து துள்ளி மறைந்துவிடக் கூடியது அது. அது போனால் முறுக்கு நிற்காது, கடிகாரமும் ஓடாது.

முன்னாளில் கைவினைஞர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்து, அந்தந்தக் கடிகாரத்துக்கென்றே பொருத்தினார். ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேராது. 1850-களில் அமெரிக்காவில் ஆரன் டென்னிசன் முதலானோர், பாகங்களை இயந்திரத்தால் ஒரே அளவில் செய்ய முற்பட்டனர். வால்தம் நகரில் அவர்கள் தொழிற்சாலை எழுந்தது. 1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சிக்கு வந்த சுவிஸ் நாட்டவர், அமெரிக்கரின் வளர்ச்சியைக் கண்டு திகைத்தனர். தம் நாட்டிலும் தொழிற்சாலை முறை வளரவேண்டும் என்று வற்புறுத்தினர். இவ்வாறு உதிரிபாகம் விலைக்கு வாங்கக்கூடிய பொருளாயிற்று.

ஆனால் தொழிற்சாலை நின்றால் புதிய பாகமும் நின்றுபோகும். இந்தியாவின் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. அதன் கடிகாரங்கள் தமிழ்நாட்டில் கல்யாணப் பரிசாகவும் விளங்கின. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு முடிவு செய்தது.

அப்படியானால் வழி என்ன? கைதேர்ந்தவர் மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து வில் செய்து தரலாம். அல்லது அதே வகையைச் சேர்ந்த, ஓடாத வேறொரு கடிகாரத்திலிருந்து பாகத்தை எடுக்கலாம். ஒரே அளவில் செய்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது.

ஆகவே, ஓடாத கடிகாரத்தைக் குப்பையில் போடாதீர்கள். 1970-களின் சீக்கோ கடிகாரமாயின், பின்மூடியில் 7009 என்பதுபோல் முதலில் வரும் நான்கு இலக்கங்கள் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் வகையைச் சொல்லும். அதைக் குறித்துக்கொண்டு கடிகாரக்காரரிடம் போங்கள். வீட்டில் நாமே திறந்து பார்க்க வேண்டாம். தாத்தாவின் பழைய கடிகாரம் தான் ஓடாவிட்டாலும், அப்பாவின் கடிகாரத்தை ஓடவைக்கக்கூடும்.