நிலைக்காலை மணந்த மகள்: குன்னுவர் வழக்கம் ஒன்றின் மறுவாசிப்பு

பழனிமலையில் பயிர்செய்யும் சாதியான குன்னுவரிடம் இருந்ததாகப் பதிவான ஒரு வழக்கத்தைத் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்றோ பாலியல் கட்டுப்பாட்டின் தளர்வு என்றோ வாசிப்பது ஆய்வுலகில் பழகிவிட்டது. இரு வாசிப்புகளும் அப்பதிவின் மிக முக்கியமான வரியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ. பிரான்சிஸ் தரும் செய்தி இது. ஒரே மகளைத் தவிர வேறு பிள்ளை இல்லாமல் குடும்பம் அற்றுப்போகும் நிலை வந்தால், தாய்மாமன் மகன் அவளை வழக்கம்போல் உரிமை கோர முடியாது. வீட்டு நிலைக்காலுக்கே அவளை மணம் செய்விக்கலாம். கழுத்தில் தாலிக்குப் பதில் வலக்கையில் வெள்ளிக் காப்பு ஏறும். தன் சாதிக்குள் எந்த ஆணோடும் அவள் சேர்ந்து வாழலாம். அவள் ஈட்டுவது பெற்றோருக்கு. அவர்களுக்கு அவளே வாரிசு. மகன் பிறந்தால் சொத்து அவள் வழியாக அவனைச் சேரும்.

படித்தவர் கண்ணெல்லாம் சேர்ந்து வாழும் உரிமையிலேயே நின்றுவிட்டது. பிரான்சிஸே பெல்லாரிப் பகுதியின் பசவிகளை ஒப்புக் காட்டியது அதற்கு வழி வகுத்தது. ஆனால் பசவி தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவள். இங்கே மணமகனின் இடத்தில் நிற்பது வீட்டின் மரம். 1868இல் இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரியான நெல்சன் எழுதிய பதிவு, சிறுவனுக்கோ தந்தை வீட்டின் ஒரு பகுதிக்கோ மணம் செய்விப்பதாகச் சொல்கிறது. விவரம் மாறினாலும் சொத்து பெண்ணின் பிறந்த வீட்டிலேயே தங்குவதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஈட்டுவது பெற்றோருக்கு என்ற வரியை முறைமாப்பிள்ளையின் உரிமை நிறுத்தப்படுவதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முறைப்படி மணந்திருந்தால் அவள் உழைப்பு மாமன் வீட்டு நிலத்துக்குப் போயிருக்கும். சரிவை வெட்டி அடுக்கடுக்காகக் கட்டிய வயலில் ஒரு ஆள் குறைவது சிறிய இழப்பல்ல. ஆகவே இவ்வழக்கம் முதலில் காத்தது ஒரு பெண்ணின் வேலையை. அவளுடைய தாய்மை அந்த வேலைக்கு அடுத்த தலைமுறையைச் சேர்த்தது. மகன் செய்ய வேண்டியதும் தாய் செய்ய வேண்டியதும் ஒருத்தி மேலேயே விழுந்தன. இதை விடுதலை என்று கொண்டாட என்னால் இயலவில்லை.

அதிகாரிகளின் செவிவழிச் செய்தியை நம்பலாமா என்று கேட்கலாம். விந்தை தேடும் கண்ணுக்கு வருமானம் யாருக்கு என்ற செய்தியில் சுவை ஏதுமில்லை. அப்படியிருந்தும் அது பதிவாகியிருக்கிறது என்பதாலேயே அதற்கு எடை அதிகம். இறுதியில் மகனுக்குத்தானே சொத்து என்ற மறுப்பு, அவளே முதல் வாரிசு என்று பதிவு வெளிப்படையாகச் சொல்வதைக் கவனிக்கவில்லை. எல்லாக் குன்னுவர் ஊர்களிலும் இது நடந்தது என்று நான் வாதிடவில்லை.

இவ்வழக்கத்தை விந்தை என்று ஒதுக்குவோர் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு தந்த அந்தத் திருத்தம், 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கியது. நிலைப்படி தாண்டிப் போனவள் அந்த வீட்டாள் அல்லள் என்ற கணக்கே அதிலும் இருந்தது. அந்த விலக்கு நீங்க 2005இன் மத்தியச் சட்டத்திருத்தம் வரவேண்டியிருந்தது.