அம்மாவின் இனிஷியல்

2003இல் பூரி ஜெகன்னாத் தெலுங்கில் ஒரு படம் எடுத்தார்: 'அம்மா நான்னா ஓ தமிழ அம்மாயி'. அம்மா, அப்பா, ஒரு தமிழ்ப் பெண் என்று தலைப்பிலேயே மூன்று பேர். மறு ஆண்டு தமிழுக்கு வந்தபோது அந்தக் கதை 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' என்று பெயர் மாறியது. தமிழ்ப் பெண் மலையாளப் பெண்ணானாள். இரண்டு படங்களிலும் நடித்தவர் அசின்தான். அப்பா தலைப்பிலிருந்தே காணாமல் போனார். எஞ்சியவர்கள் ஒரு மகனும் அவன் தாயும். அவர்களை இணைப்பது ஓர் எழுத்து. கிக் பாக்சிங் சண்டைக்காகவும் பாடல்களுக்காகவும் ஓடிய இந்தப் படத்தை, தமிழ்ப் பெண்களின் பெயர் வரலாற்றில் ஒரு சான்றாகவும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கணவனைப் பிரிந்த மகாலட்சுமி (நதியா) சென்னையில் தனியாளாக மகனை வளர்க்கிறாள். தாயும் மகனும் தோழர்களைப் போலப் பழகுகிறார்கள். படத்தின் நடுவில் அவள் இறந்துபோகிறாள். அப்பாவிடம் போகவேண்டும் என்பது அவள் மகனிடம் விட்டுச்செல்லும் விருப்பம். அப்பா ஈஸ்வர் (பிரகாஷ்ராஜ்) மலேசியாவில் கிக் பாக்சிங் பயிற்சியாளர். அங்கே அவருக்கு வேறொரு மனைவி, ஒரு மகள். அந்த வீட்டில் அந்நியனாக நுழையும் குமரன், அப்பாவின் கையைவிட்டுப் போன சீடனை வளையத்துக்குள் எதிர்கொண்டு, அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறான்.

தலைப்பில் வரும் அந்த 'எம்' இத்தனை பேரை ஏன் கவர்ந்தது? அதற்குத் தமிழ்நாட்டுப் பெயர்களின் கதையைப் பார்க்கவேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பின்வந்த பத்தாண்டுகளில் இங்கே பெருவாரியான மக்கள் அதை விட்டார்கள். பெயரின் பின்பக்கம் காலியானது. முன்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. சாதியை உதிர்த்த பெயரில் குடும்பத்தைச் சொல்ல மிஞ்சிய ஒரே அடையாளம் அப்பாவின் முதலெழுத்து. அதே மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. பிறப்பால் வரும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989இல். அறுபது ஆண்டு இடைவெளி. அப்போதும், அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்கள் அதில் சேரவில்லை.

அம்மாவின் எழுத்தைத் தாங்கிய பெயர்கள் இங்கே இல்லாமலில்லை. நமக்கெல்லாம் தெரிந்த எம்.எஸ். என்பதில் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது, சண்முகவடிவு. மகளுக்குத் தன் பெயரைத் தந்த அந்தத் தாய் ஒரு வீணைக் கலைஞர். தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் தாயின் பெயரே பிள்ளைகளுக்கு வருவது வழக்கமாக இருந்தது. வெளியுலகம் அதைப் பெருமையாகக் கொள்ளவில்லை. அப்பா பெயரைக் கேட்பதே அந்தப் பிள்ளைகளைக் குத்திக்காட்டும் வழியாக இருந்தது. மகளின் பெயரில் களங்கமாகப் பார்க்கப்பட்ட அதே தாயெழுத்து, 2004இல் சண்டைக்கார மகனின் பெயரில் விசில் வாங்கியது. தாயின் பெயருக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று இதை வைத்து உடனே சொல்லிவிட முடியாது. பெயரைச் சுமப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் அதன் மதிப்பு மாறுகிறது.

சட்டத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய் என்கிறது. மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழாகிறது: முதலில் தாய், பிறகு தந்தை. ஊர் எதைக் களங்கம் என்று சொன்னதோ அங்கே மட்டும்தான் சட்டம் தாய்க்கு முதலிடம் கொடுத்தது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் பத்திரங்கள் வாங்க, தானே காப்பாளராக 1984இல் ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். கணவரும் இதற்குச் சம்மதித்திருந்தார். அப்படியும் தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல் வந்த தீர்ப்பு, 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் கொள்ளவேண்டியதில்லை, அவர் இல்லாத நிலையில் என்றும் கொள்ளலாம் என்றது. பொறுப்பைக் கைவிட்ட தந்தையும் இல்லாதவராகவே கருதப்படலாம். அது பெரிய வெற்றி. ஆனால் 'பிறகு' என்ற சொல் சட்டத்தில் அப்படியே நின்றது. பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று கடவுச்சீட்டு விதி மாறியது 2016 டிசம்பரில்தான். தாய் மட்டுமே உள்ளவர்கள் தந்தை பெயரில்லாமல் பான் அட்டை பெற 2018 டிசம்பரில்தான் வழி பிறந்தது. திரையரங்கில் எம். குமரனுக்குக் கைதட்டிய ஆண்டில், உண்மையான மகாலட்சுமிகள் அலுவலகங்களில் 'தந்தை/கணவர் பெயர்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு நின்றிருந்தார்கள்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். சட்டத்தில் தந்தைக்குப் பிறகு தாய். படத்தில் தாய்க்குப் பிறகு தந்தை. வரிசை மாறியிருக்கிறதே தவிர, படத்திலும் கடைசியில் பிள்ளை போய்ச்சேரும் இடம் தந்தைதான். தாய் உயிரோடிருந்திருந்தால் மகன் அப்பாவைத் தேடிப் போகவேண்டிய தேவையே வந்திருக்காது. ஆகவே கதை நகர அவள் சாகவேண்டியிருக்கிறது. சாவதற்கு முன் தன்னை விட்டுப் போனவனிடமே மகனை அனுப்பிவைக்கவும் வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு தனியாக வளர்த்ததற்கு அவன் ஒரு கணக்குச் சொல்லவேண்டும் என்று அவள் கேட்பதாக ஒரு காட்சி இருந்திருந்தால், இது வேறு படமாகியிருக்கும். அவள் பெறவேண்டிய பதிலை மகன் வளையத்துக்குள் உதைத்து வாங்குகிறான். உடைந்த குடும்பத்தை இரண்டு ஆண்கள் ஒட்டவைக்கிறார்கள். பெண்கள் பார்வையாளர் வரிசையில்.

வளையத்துக்குள் போகக்கூடிய பெண்கள் அன்று இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. பெண்களுக்கான முதல் உலகக் குத்துச்சண்டைப் போட்டி 2001இல் நடந்தது. அதில் மணிப்பூரின் மேரி கோம் வெள்ளி வென்றார். 2002இல் தங்கம். குமரன் திரைக்கு வந்தபோது இந்தியாவில் ஒரு பெண் உலக சாம்பியன் இருந்தார். தமிழ்த் திரையில் கையுறை மாட்டிய நாயகி பரவலாகப் பேசப்பட, சுதா கொங்கரா 2016இல் 'இறுதிச்சுற்று' எடுக்கும்வரை காத்திருந்தோம். அதில் மதியாக வந்த ரித்திகா சிங் நிஜத்திலும் கிக் பாக்சர்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். குமரன் படத்தைத் தயாரித்தவர் எடிட்டர் மோகன். இயக்கிய எம். ராஜாவும் நடித்த ரவியும் அவருடைய மகன்கள். இயக்குநரின் 'எம்' அப்பாவினுடையது. நாயகனோ அன்று தன் முதல் தமிழ்ப் படத்தின் பெயரை முன்னால் போட்டு 'ஜெயம்' ரவியாக அறியப்பட்டார். ஓர் ஆண் தன் பெயருக்கு முன்னால் அப்பாவை வைக்கலாம், வெற்றியை வைக்கலாம், அன்பின் அடையாளமாக அம்மாவையும் வைக்கலாம். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. இந்தத் தெரிவு தனித்து வாழும் பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் கிடைக்க நீதிமன்றம் தேவைப்பட்டது.

இந்தப் படத்தை நான் வெறுக்கவில்லை. பிரிந்து வாழும் பெண்ணைக் கண்ணீர்ச் சிலையாக்காமல், சிரிக்கத் தெரிந்தவளாக அது காட்டியது. அன்று அது சின்ன விஷயமில்லை. ஆனால் தாய்க்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டு முடிவைத் தந்தைக்குக் கொடுக்கும் கதைகளை அடையாளம் காணப் பழகவேண்டும். மகாலட்சுமிக்கு வேண்டியிருந்தது அவள் இறந்தபின் மகன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டுமில்லை. உயிரோடிருக்கும்போதே எந்த அலுவலக மேசையிலும் தன் ஒற்றைக் கையெழுத்து செல்லுபடியாவதும் அவளுக்கு வேண்டியிருந்தது.